வடக்குக் கட்டடத்தின் பதினேழாம் அறை

ஏர்லன்ஸ்ரைன், ஜெர்மனி
7 ஒக்டோபர் 2024

அக்காவுக்கு,

உங்கள் விலாசத்தை எங்கள் ஊர்க் கஜீவன் தந்தான். லண்டனில் ஒரு கலியாண வீட்டில் அவனைக் கண்டேன். ரெலிபோன் இலக்கமும் தரவா என்று கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். என் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால், கிழிக்கும்போதாவது ஒரு வரி கண்ணில் படும்.

நீங்கள் என்னோடு கதைக்காமல் விட்டு முப்பது வருடம். அத்தான் காலமான செய்தி எனக்கு ஒன்றரை வருடம் பிந்தித்தான் கிடைத்தது. அதற்கும் நான் எழுதவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு.

நான் இன்னும் ஏர்லன்ஸ்ரைனில்தான் இருக்கிறேன். நகரசபையில் வேலை. புல் வெட்டுவது, பனி தள்ளுவது, இரண்டு கோட்டைகளையும் பார்த்துக்கொள்வது. மலையில் இருக்கிற மேல்கோட்டை அன்று போலவே கூரையில்லாமல் நிற்கிறது. ஆற்றோரத்துக் கீழ்க்கோட்டை, அதாவது அகதிகள் என்று எங்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம், இப்போது நூலகம். கலியாணங்களுக்கும் மண்டபம் கொடுக்கிறார்கள்.

அடுத்த வருடம் இந்த நகரத்துக்கு எண்ணூறு வயது. வரலாற்றை ஒரு புத்தகமாகப் போடுகிறார்கள். எழுதுகிறவர் கெஸ்லர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. பத்து வருடத்துக்கு முன்தான் இந்த ஊருக்கு வந்தவர், பழசு தெரியாது. போன கிழமை ஒரு பத்திரிகைத் துண்டோடு என்னிடம் வந்தார். 1986 செப்டெம்பர். நீங்கள் கோட்டை யன்னலருகே நிற்கிறீர்கள், கையில் பிரணவன். பக்கத்தில் அப்போதைய நகரபிதா பூங்கொத்தோடு. ‘175 வருடத்துக்குப் பிறகு கோட்டையில் ஒரு குழந்தை’ என்று தலைப்பு. கடைசியாக அங்கே பிறந்தது 1811இல் பிரபுவின் மகளாம்.

“இந்தக் குடும்பத்தைத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்” என்றேன். “தாய் மொன்றியலில் இருக்கிறார்.”

அந்த மனுஷிக்குச் சரியான சந்தோசம். பிள்ளைக்கு இப்போது முப்பத்தெட்டு வயதிருக்குமே, விழாவுக்குப் பிரதம விருந்தினராகக் கூப்பிடலாமே, கோட்டைப் பிள்ளை வந்து கதவைத் திறந்து வைத்தால் எவ்வளவு நல்லாயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் கேட்டது பிள்ளையைப் பற்றி. நான் சொன்னதெல்லாம் தாயைப் பற்றி. ‘இறந்துவிட்டான்’ என்பதற்கு ஜெர்மன் சொல் எனக்கு நன்றாகவே தெரியும். சொல்லவில்லை.

என்ன சொல்லச் சொல்கிறீர்கள்?

உருத்திரன்


மொன்றியல்
4 நவம்பர் 2024

உருத்திரமூர்த்தி,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அவரிடம் சொல்: பிள்ளை செத்துவிட்டது. 1987 பெப்ரவரி பதினைந்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மாதமும் நான்கு நாளும். இதைச் சொல்வதற்கு உனக்கு என் அனுமதி தேவையில்லை. அன்று முழுக் கோட்டைக்கும் நீதானே வாய்.

படத்தைப் போட வேண்டாம் என்றும் சொல். அந்தப் பூங்கொத்தை நகரபிதா படம் எடுத்து முடிந்ததும் திரும்பக் கொண்டுபோனவர். எனக்கு அது ஞாபகம்.

உன் அத்தான் கடைசி வரை உன்னைப் பற்றிக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. அவர் பிள்ளை பிறக்க முன்னர், 1986 கோடையில் கப்பலேறிப் போய், நடுக்கடலில் படகில் இறக்கிவிடப்பட்டுக் கனடாவுக்கு வந்தவர். பிள்ளையைக் கண்ணால் காணாதவர். காணாதவருக்குக் கோபமும் குறைவாக இருக்கலாம்.

என் மகள் ஆர்த்திகாவுக்கு இது ஒன்றும் தெரியாது. தனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்ததே தெரியாது. லவாலில் இருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைகளோடு வருவாள். அதனால் சனிக்கிழமைகளில் வந்து சேரும்படி ஒன்றும் அனுப்பாதே. தபால் எப்போது வரும் என்று உனக்கு எப்படித் தெரியும்? பரவாயில்லை. இனி எழுதாமல் விட்டாலும் சரி.

கோட்டைக் கதைகள் எனக்கு வேண்டாம்.

ஞானாம்பிகை


ஏர்லன்ஸ்ரைன்
2 டிசெம்பர் 2024

அக்காவுக்கு,

எழுதாமல் விட்டாலும் சரி என்று எழுதியிருந்தீர்கள். எழுதாதே என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கெஸ்லரிடம் சொன்னேன். நூலகத்துக்கு மேலே, அவர் பழைய கடதாசிகள் வைத்திருக்கிற அறையில். பிள்ளை ஐந்து மாதத்தில் இறந்துவிட்டது என்றேன். நான் அந்தப் பிள்ளையின் மாமன் என்றும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“போன மாதம் ஏன் சொல்லவில்லை?”

“நீங்கள் சந்தோசமாக இருந்தீர்கள்.”

பிறகு, எந்த அறை என்று கேட்டார். வடக்குக் கட்டடம், மூன்றாம் மாடி, பதினேழு என்றேன். எழுந்து போய்க் கோட்டையின் வரைபடத்தை எடுத்து வந்து விரித்தார்.

கோட்டைக் கதை வேண்டாம் என்றீர்கள். இது கதையில்லை. இதை மட்டும் வாசியுங்கள்.

மேல்கோட்டையை 1693இல் பிரெஞ்சுப் படை எரித்தது. அதன் கல்லைப் பெயர்த்துத்தான் ஊர்ச்சனம் வீடு கட்டினார்கள். பிரபு குடும்பம் கீழே, ஆற்றோரக் கோட்டைக்கு இறங்கி வந்தது. 1720இல் அவர்கள் வரியாக வாங்கிய கோதுமையை வைக்க இடம் போதாமல் வடக்குப் பக்கமாக ஒரு கட்டடம் கட்டினார்கள். அதுதான் எங்கள் கட்டடம். கோதுமை சூடேறினால் முளைத்துவிடும் என்பதற்காகக் குளிராகவே இருக்கும்படி கட்டியது. அடுப்பில்லை, புகைபோக்கி இல்லை. மதிலில் காற்று நுழைய ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். எங்கள் கட்டிலுக்குப் பின்னால் பலகை அடித்து மூடியிருந்ததே, அது அந்த ஓட்டை.

இன்னும் இருக்கிறது. 1946இல் போர் முடிந்து கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மன் சனத்தை அதே கட்டடத்தில் வைத்தார்கள். இரண்டு மாரிக் குளிரில் பதினொரு பிள்ளைகள் செத்தன. கோட்டை வாசலில் அவர்களின் பெயரோடு ஒரு கல் இருக்கிறது. நாங்கள் அங்கே இருந்தபோதும் இருந்தது. அப்போது எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. 1947 மார்ச்சில் ஊர் வைத்தியர் நகரசபைக்கு எழுதிய கடிதம் கெஸ்லரிடம் இருக்கிறது. ‘இந்தக் கட்டடத்தில் மாரிகாலத்தில் மனிதர் எவரையும், விசேடமாகக் குழந்தைகளை, இனி ஒருபோதும் குடியமர்த்தக் கூடாது.’ நகரசபை அதைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தியிருக்கிறது.

நாற்பது வருடம் கழித்து எங்களை அங்கே விட்டார்கள். கடிதம் அலுமாரியில் இருந்திருக்கிறது.

வாசித்தபோது எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. கீழே போய், சனம் வழுக்கி விழாமலிருக்க வாசல் பனியில் உப்புத் தூவினேன்.

உருத்திரன்


மொன்றியல்
20 ஜனவரி 2025

உருத்திரமூர்த்தி,

தபால்காரர்களின் வேலைநிறுத்தத்தால் உன் கடிதம் பொங்கலுக்குப் பிறகுதான் வந்தது. சனிக்கிழமை வரவில்லை.

வைத்தியரின் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பிறகு சோறு வடித்தேன். எனக்கும் ஒன்றும் வரவில்லை. இது உனக்கு ஆறுதலாக இருக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை.

நான் என்ன வேலை செய்தேன் என்று கஜீவன் சொல்லியிருக்க மாட்டான். வந்த புதிதில் சென்ட் லோரன்டில் ஒரு தையல் தொழிற்சாலை. பதினொரு வருடம். வேலை முடிந்து பிரெஞ்சு படிக்கப் போனேன். கூட வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள். “ஆங்கிலம் படிச்சாலும் பரவாயில்லை, இந்த வயசிலை பிரெஞ்சு படிச்சு என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டார்கள். இனி என் வாயை ஒருவரிடமும் கொடுப்பதில்லை என்று நினைத்திருந்தேன்.

இப்போது பார்க் எக்ஸ்ரென்சனில் ஒரு மருத்துவ நிலையத்தில் கிழமைக்கு மூன்று நாள் மொழிபெயர்ப்பாளர். தாய்மார் பிள்ளைகளோடு வருவார்கள். எத்தனை நாள் காய்ச்சல், பால் குடிக்கிறதா, மூச்சு எப்படி. அவர்கள் சொல்வதைச் சொல்வேன். டொக்டர் சொல்வதைச் சொல்வேன். நடுவில் என் சொந்தச் சொல் ஒன்றும் போடுவதில்லை. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்வேன். அப்படிச் சொல்வதில் வெட்கம் இல்லை என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் யோசி. முப்பது வருடம் உனக்கு நேரம் இருந்தது.

ஒரு கேள்வி. பிரணவனைப் புதைத்த இடம் எப்படி இருக்கிறது? பச்சைப் பிள்ளையை எரிக்கிறதில்லை என்று கோட்டையிலிருந்த பெரியவர்கள் சொன்னதால் அங்கே விட்டுவிட்டு வந்தேன். இரண்டு வரிசை தள்ளி ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது.

இங்கே பனி அள்ளும் வண்டி வருகிறது. காரை நகர்த்தச் சொல்லி ஊதுகிறார்கள். என்னிடம் கார் இல்லை.

ஞானாம்பிகை


ஏர்லன்ஸ்ரைன்
15 பெப்ரவரி 2025

அக்கா,

இன்றைய திகதியைப் பார்த்து வேண்டுமென்று எழுதுவதாக நினைக்காதீர்கள். நாலு நாளாக எழுதுகிறேன், முடியவில்லை.

முதலில் புதைத்த இடம். இங்கே அடக்கம் செய்த நிலம் நிரந்தரம் இல்லை. பிள்ளைகளுக்கு இருபது வருடம். நான் ஒருமுறை கேட்டு நீட்டித்தேன். 2012இல் அந்த வரிசையையே மூடிப் புல் போட முடிவெடுத்தார்கள். நகரசபையில் அந்த வேலை எங்கள் பகுதிக்குத்தான் வரும். கூட இருந்த இரண்டு பேரையும் மற்றப் பக்கம் வேலி திருத்த அனுப்பிவிட்டு நானே செய்தேன். பெயர் எழுதி நட்ட மரப்பலகை ஏற்கெனவே உக்கிப் போயிருந்தது. பிள்ளையைத் தோண்டவில்லை, மேல்மண்ணை மட்டும்தான் சமப்படுத்துவோம். பிள்ளை அங்கேயேதான் இருக்கிறான். தண்ணீர்க் குழாயும் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை பத்து நாளுக்கு ஒருக்கால் அந்தப் புல்லை நான்தான் வெட்டுகிறேன்.

அடுத்தது.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் என்னிடம், “தம்பி, பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விடுறான், ஓடிப்போய் டொக்டரைக் கூப்பிடு” என்றீர்கள். கீழே பொறுப்பாளரின் அறை பூட்டியிருந்தது. கதவில் அவசர வைத்தியரின் இலக்கம் ஒட்டியிருந்தது. எழுதிக்கொண்டு சந்தைச் சதுக்கத்து ரெலிபோன் பெட்டிக்கு ஓடினேன். எடுத்தார்கள். ஒரு பெண். பெயர் கேட்டார், சொன்னேன். பிறகு ஏதோ கேட்டார். விளங்கவில்லை. ‘குழந்தை, சூடு’ என்றேன். திரும்பவும் அதையே கேட்டார், கொஞ்சம் கடுமையாக. எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார். ‘கோட்டை’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல் எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை. ‘நன்றி’ என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வந்து எட்டு மாதம்தான், அதற்குள் எல்லோருக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன். பாதி எனக்கு விளங்குவதேயில்லை. முகத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்வேன். ரெலிபோனில் முகம் இல்லை.

திரும்பி வந்து உங்களிடம் சொன்னேன்: “டொக்டரோடை கதைச்சனான் அக்கா. தடிமனாம். சுடுதண்ணி குடுக்கட்டாம். திங்கக்கிழமை கொண்டு வரட்டாம்.”

அப்படி ஒருவரும் சொல்லவில்லை. அது முழுவதும் நான் சொன்னது.

என் மனைவி ஜெயனிக்கும் இது தெரியாது. நேற்றுத்தான் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை கையில் பிடித்திருந்த பாத்திரத்தை வைக்கவில்லை.

புத்தகத்தில் என் பெயரைப் போட்டு இதை எழுதப் போகிறேன் என்று கெஸ்லரிடம் சொன்னேன். “அக்காவைக் கேட்டீர்களா?” என்றார். கேட்கிறேன்.

உருத்திரன்


மொன்றியல்
9 மார்ச் 2025

உருத்திரன்,

எனக்குத் தெரியும்.

எங்களுக்கு எதிர் அறையில் இருந்த றொசானின் தாய் 1994இல் மொன்றியலுக்கு வந்தா. கோயிலில் கண்டு கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னா: “உன்ரை தம்பி பாவம். அண்டைக்கு நான் பாண் வாங்கப் பேக்கரியிலை நிண்டனான். ரெலிபோனை வைச்சுப்போட்டுப் பெட்டிக்குள்ளை நிண்டு அழுதவன். ஒரு நிமிசம்கூடக் கதைக்கேல்லை.”

ஒரு நிமிடத்தில் டொக்டர் இவ்வளவும் சொல்லியிருக்க முடியாது. அந்தக் கிழமையோடு உனக்கு எழுதுவதை நிறுத்தினேன். கேட்டிருக்கலாம். கேட்டால் நீ ஆமென்று சொல்லிவிடுவாய் என்று பயமாக இருந்தது.

நீ இப்போது எழுதியதை வாசித்தேன். முப்பது வருடமாக, இதை உன் வாயால் கேட்டால் எனக்குள் ஏதோ உடையும் என்று இருந்தேன். உடையவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போனேன். ஒரு தாய் ஆறு மாதப் பிள்ளையோடு வந்திருந்தாள். காது வலி. மொழிபெயர்த்தேன்.

என் பக்கத்தையும் எழுதுகிறேன். ஒருவருக்கும் சொன்னதில்லை. நீ சொன்னதை நான் நம்பினேன். ஞாயிறு காலையில் பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. அப்போதும் திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கிறார்கள் என்று இருந்தேன். சுடுதண்ணீர் பருக்கினேன். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னர் முடிந்தது. பாண் கடைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது, உனக்கு ஞாபகமா? ஒவ்வொரு கிழமையும் அதைக் கடந்து போவேன். பிள்ளைகளுக்கான வைத்தியர் என்று அதில் எழுதியிருந்தது. இங்கே வந்து பல வருடத்துக்குப் பிறகு, வேறொரு கடதாசியில் அந்த ஜெர்மன் சொல்லைக் கண்டபோதுதான் அர்த்தம் தெரிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கதவைத் தட்டியிருந்தாலும் போதும். எனக்குக் கால் இருந்தது. நான் தட்டவில்லை.

புத்தகத்தில் உன் பொய்யை எழுத வேண்டாம். நீ என்னைக் காப்பாற்றவோ உன்னைத் தண்டிக்கவோ அந்த ஊரின் கடதாசியைப் பாவிக்காதே. நீ எழுதினால் அவர்கள் அந்த வரியை மட்டும் வாசிப்பார்கள். ‘பாருங்கள், அவர்களுடைய ஆளே டொக்டரைக் கூப்பிடவில்லை’ என்பார்கள். வைத்தியரின் கடிதம் திரும்பவும் அலுமாரிக்குள் போய்விடும். உன் பொய் எனக்கு உரியது. அது என்னிடம் இருக்கட்டும்.

அவர்கள் போட வேண்டியது இது:

‘வடக்குக் கட்டடம் 1720இல் தானியம் வைப்பதற்காகக் கட்டப்பட்டது. அங்கே மனிதரைக் குடியமர்த்தக் கூடாது என்று 1947இல் ஊர் வைத்தியர் எழுதினார். 1985 முதல் 1988 வரை இலங்கைத் தமிழ் அகதிகள் அங்கே குடியமர்த்தப்பட்டனர். பிரணவன் அரியரத்தினம் பதினேழாம் அறையில் வசித்தான். பிறப்பு 11.9.1986. இறப்பு 15.2.1987, நியூமோனியா.’

‘துரதிர்ஷ்டவசமாக’ என்று ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. படத்தைப் போடலாம். நகரபிதாவை வெட்டிவிட்டுப் போடச் சொல்.

புல்லைப் பற்றி எழுதியதை வாசித்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஞானாம்பிகை


ஏர்லன்ஸ்ரைன்
23 ஜூன் 2025

அக்கா,

புத்தகம் இதனுடன் வருகிறது. 212ஆம் பக்கம். நீங்கள் எழுதியபடியே, ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. படம் இருக்கிறது. வெட்டித்தான் போட்டிருக்கிறார்கள், பூங்கொத்தின் ஒரு ஓரம் மட்டும் தெரிகிறது.

சுலபமாக நடக்கவில்லை. விழாக் குழு வைத்தியரின் கடிதம் பற்றிய வரியை எடுக்கச் சொன்னது. கொண்டாட்டப் புத்தகத்துக்கு அது பொருந்தாதாம். கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். கெஸ்லர் எழுந்து, அந்த வரி போகுமென்றால் தன் எண்ணூறு வருடத்தையும் எடுத்துக்கொண்டு தானும் போகிறேன் என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்.

எழுந்தேன். ஜெர்மனில் சொன்னேன். “நான் அந்தப் பிள்ளையின் மாமன். பதினொரு பிள்ளைகளின் பெயரை வாசலில் கல்லில் வெட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொரு நவம்பரும் அதைக் கழுவுகிறவன் நான். பன்னிரண்டாவது பிள்ளைக்கு ஒரு பக்கத்தில் ஐந்து வரி கேட்கிறோம்.” அதற்கு மேல் சொல்லவில்லை. மற்றதை நீங்கள் சொல்லக் கூடாது என்றபடியால் சொல்லவில்லை. வாக்கெடுத்தார்கள். ஏழுக்கு நாலு.

விழாவில் ஒருவரும் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. வாத்தியம் வாசித்தார்கள், தொத்திறைச்சி விற்றார்கள். மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வயதான பெண் கைத்தடியோடு என்னிடம் வந்தார். புத்தகம் கையில்.

“இதில் இருக்கிற பிள்ளை உங்களுடையதா?”

“அக்காவின் பிள்ளை.”

“கல்லில் நாலாவது பெயர் என் தம்பி. எங்களுக்குப் பதினாறாம் அறை. அடுத்த அறை.” ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டார். “உங்கள் காலத்திலாவது அது சூடாக இருந்ததா?”

“இல்லை” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் மிச்சக் கதிரைகளை அடுக்கினேன். அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே இருந்தேன். ஜெயனி தேத்தண்ணி போட்டுத் தந்தாள். குடிக்க முடியவில்லை, கோப்பையைப் பிடிக்க ஏலாமல் போய்விட்டது. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

உருத்திரன்


மொன்றியல்
14 ஜூலை 2025

தம்பி,

புத்தகம் சனிக்கிழமை வந்தது.

ஆர்த்திகாதான் கீழே போய்த் தபால் எடுத்து வந்தாள். “அம்மா, ஜெர்மனியிலை இருந்து என்னவோ பாரமா வந்திருக்கு” என்று பிரித்தே விட்டாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கங்களைத் தட்டிக்கொண்டே போனவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள். என்னை இருபத்தைந்து வயதில் அவள் படத்தில் கண்டதில்லை. தன் முகம்தான் அங்கே இருக்கிறது என்று முதலில் நினைத்தாளாம்.

“இது ஆர், கையிலை இருக்கிறது?”

பிள்ளைகள் முன்னறையில் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைக் கழுவினேன். ஜான்-டலோன் சந்தையில் வாங்க இருக்கிறது, நடந்துகொண்டே சொல்கிறேன் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டோம்.

தக்காளி, போஞ்சி, பீச் பழம் எல்லாம் வாங்கிக்கொண்டே சொன்னேன். வீட்டில் இருந்து சொல்லியிருந்தால் அவள் என் முகத்தைப் பார்த்திருப்பாள். கோட்டை, அறை, காய்ச்சல், நீ ரெலிபோன் எடுக்கப் போனது, திரும்பி வந்து சொன்னது, ஞாயிற்றுக்கிழமை. நான் தட்டாத கதவு. எல்லாம் சொன்னேன். வேலையில் சொல்வது போலவே சொன்னேன், இடையில் என் சொல் ஒன்றும் போடாமல்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பீச் பழப் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்:

“மாமாவுக்கு அப்ப எத்தினை வயசு?”

“பத்தொன்பது.”

“பத்தொன்பதா?”

“ஓம். வந்து எட்டு மாசம்.”

“பத்தொன்பது” என்று திரும்பவும் சொன்னாள். தனக்குள்ளே சொல்வது போல.

தம்பி, எனக்கு உன் வயது தெரியும். உன் பிறந்தநாளும் தெரியும். அந்த நாளையும் உன் வயதையும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. முப்பது வருடமாக எனக்குப் பொய் சொன்ன ஆள் ஒரு பெரிய மனிதன். இப்போது இருக்கிற நீ. தலை நரைத்து, பொறுப்பாக, எல்லாம் தெரிந்து பொய் சொல்கிற ஆள். சந்தையில் அந்தக் கடைக்கு முன்னால் நின்றபோதுதான், மீசை சரியாக முளைக்காத ஒருத்தன் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று அழுவது எனக்குத் தெரிந்தது. அதை றொசானின் தாய் எனக்கு அன்றே சொன்னா. அழுதவன் என்று சொன்னா. நான் அந்தச் சொல்லைக் கேட்கவேயில்லை. ஒரு நிமிடம் என்ற சொல்லை மட்டும் கேட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது.

ஆர்த்திகா செப்டெம்பரில் இரண்டு கிழமை லீவு போடுகிறாள். இரண்டு பேருக்கும் பயணச்சீட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஆறாம் திகதி வந்து இறங்குவோம். கோட்டைக்குள் வந்து பார்க்கச் சொல்லி ஒருவரும் கேட்க வேண்டாம். நகரசபைக்காரர் ஒருவரும் வர வேண்டாம். கெஸ்லர் வரலாம். புல்வெளியை மட்டும் காட்டு.

ஹோட்டல் பார்க்கவா என்று ஆர்த்திகா கேட்டாள். வேண்டாம் என்றேன். ஜெயனியை நான் கண்டதில்லை. வீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருக்குமா என்று கேட்டுச் சொல். எனக்கு இப்போது உறைப்பு ஆகாது, அதையும் சொல்.

அக்கா